யாக்கூபின் இடது டிரான்ஸ்பார்மர்

என் காதைப் பற்றி எனக்கு இருந்த கர்வத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியாது.

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ரேடியோ பழுதுபார்ப்பது என் வேலை. ஒரு ஆம்ப்ளிஃபையரைக் கேட்டே உள்ளே இருப்பது எந்த நாட்டு வால்வு என்று சொல்லிவிடுவேன். பத்தில் எட்டு தடவை சரியாக இருக்கும். மீதி இரண்டு தடவை வால்வின் மேல் தப்பான பெயர் அச்சாகியிருக்கிறது என்று சாதிப்பேன். டன்லப் தெருவில் சேதுபதியின் மாடி அறையில் ஞாயிறுதோறும் நாங்கள் நாலு பேர் கூடுவோம். சேதுபதி வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் எழுதுகிறவன், வாய் ஓயாதவன், பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுகிறவன். மருதப்பன் நல்லாயிருக்கு என்றால் அங்கே நல்லாயிருக்கு. மருதப்பன் உதட்டைப் பிதுக்கினால் அந்தப் பெட்டி மறு வாரம் மாடி ஏறாது. அந்த மருதப்பன் நான்தான்.

அறுபத்தேழாம் வருஷம் அந்த நாலு பேரில் ஒருவரான அலீம் பாய் ஒரு ஜப்பான் ஹெட்போன் கொண்டுவந்தார். கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கம்பெனியில் அவர் கிராணி, அதாவது குமாஸ்தா. யோகோஹாமாவிலிருந்து வந்த கப்பல் அதிகாரி ஒருவர் அவருக்காக வாங்கி வந்தது. எலெக்ட்ரோஸ்டாட்டிக் என்று பெயர். சாதாரண ஹெட்போனில் காந்தம் இருக்கும், கம்பிச் சுருள் இருக்கும். இதில் இரண்டும் கிடையாது. துளை போட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே வெங்காயச் சருகு மாதிரி ஒரு தாள். நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம் அந்தத் தாளை இழுத்தும் தள்ளியும் பாடவைக்கிறது. சாதாரண ஆம்ப்ளிஃபையர் அதை அசைக்காது, தனியாக ஒன்று வேண்டும். கூடவே வந்த ஜப்பான் ஆம்ப் நூறு வோல்ட்டுக்குச் செய்தது. நம் ஊர்க் கரண்டில் நேராகச் செருகினால் புகைந்துவிடும்.

எங்களில் நாலாவது ஆளான யாக்கூப் அங்கேதான் புகுந்தான். வீராசாமி ரோட்டில் கடைகளுக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் ஒன்பது வருஷமாக ரேடியோ ரிப்பேர் செய்கிறவன். நம் கரண்டிலேயே ஓடுகிற ஆம்ப் ஒன்றைத் தானே செய்கிறேன் என்று சொல்லி, செய்தும் விட்டான். அதன் உயிர் வோல்ட்டை ஏற்றித் தரும் இரண்டு டிரான்ஸ்பார்மர்கள். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. தலைமுடி கனம்கூட இல்லாத எனாமல் கம்பியைத் தையல் மெஷின் சக்கரத்தில் பூட்டிய கட்டையில் சுற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆறாயிரம் சுற்று. கம்பி அறுந்தால் முதலிலிருந்து. நாலு மாதம் சுற்றினான்.

ஹை ஸ்ட்ரீட்டில் கிராமபோன் கடை வைத்திருந்தவர் அவனுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை காலையில் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவர வேண்டும். ஜப்பான் ஆம்ப்போடு ஒப்பிட்டுக் கேட்டு, இது தேறும் என்று மருதப்பன் கைப்பட எழுதிய சீட்டும் வேண்டும். இரண்டும் இருந்தால் கடை மாடியில் அவனுக்கு ஒரு பட்டறை. மழை பெய்தால் தார்ப்பாயை இழுத்துப் பிடிக்க வேண்டிய அஞ்சடி வாழ்க்கை அதோடு முடிந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் இந்தக் கதை நடந்தது.

நான் மூன்று மணிக்குப் போனேன். பொருத்திப் பார்ப்பதற்காக ஹெட்போன் ஒரு வாரமாக யாக்கூபிடமே இருந்தது. ஜப்பான் ஆம்ப்பை அலீம் பாய் சாயங்கால அசர் தொழுகை முடித்துக் கொண்டுவருவதாகப் பேச்சு. அதுவரை யாக்கூபின் பெட்டியைக் கேட்டு வைப்போம் என்றேன். ஸ்டீரியோ என்றால் என்ன என்று காட்டுவதற்கென்றே வந்த இசைத்தட்டு ஒன்று எங்களிடம் உண்டு. அதில் இரண்டு பேர் மேஜைப்பந்து ஆடுவார்கள். இடது காதில் ஒருவன் அடிப்பான், வலது காதில் மற்றவன் திருப்பி அடிப்பான்.

ஹெட்போனை மாட்டினேன். வலது பக்கம் பந்து அடிபட்ட சத்தம் அப்பப்பா, மட்டையின் ரப்பர்கூடத் தெரிந்தது! இடது பக்கம் ஒன்றுமில்லை.

"என்னப்பா இது, ஒருத்தன் மட்டும் அடிக்கிறான்? எதிராளி காப்பி குடிக்கப் போயிட்டானா?" என்றேன்.

யாக்கூபின் முகம் சுருங்கியது. "இல்லண்ணே, ரெண்டு பக்கமும் வருதே." அவன் வாங்கி மாட்டிக்கொண்டான். "வருதுண்ணே. நல்லா வருது."

சேதுபதியும் மாட்டிப் பார்த்தான். "வருது லா. டிக்கு டொக்குனு ரெண்டு பயலும் அடிக்கிறானுங்க."

நான் மறுபடி மாட்டினேன். இடது பக்கம் செத்துக் கிடந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"வந்து வந்து போற கோளாறு இது. நீங்க போட்டா வருது, நான் போட்டா போகுது. சூடேறச் சூடேற உள்ள கம்பி விட்டுப்போகுது. இந்த ஊர் ஈரத்துல எனாமல் உரிஞ்சு செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும். கப்பல்ல நான் இதை நூறு பார்த்திருக்கேன்."

நூறு பார்த்தது உண்மைதான். அதனால்தான் வேறு எதையும் யோசிக்கத் தோன்றவில்லை. வால்வை மாற்றினோம். வயரை மாற்றினோம். பிளேயரின் ஊசியைத் துடைத்தோம். யாக்கூப் கரண்டை அணைத்து, கண்டென்சர்களில் தங்கியிருந்த மின்சாரத்தை இறக்கிவிட்டு, மீட்டரை வைத்து இடது டிரான்ஸ்பார்மரைப் பார்த்தான். முள் ஒழுங்காகத்தான் நின்றது.

"கம்பி விடலைண்ணே."

"மீட்டருக்கு என்ன தெரியும்? ஆறினப்புறம் பார்த்தா ஒட்டித்தான் காட்டும். ஓடும்போது விடுது."

ஆறு தடவை மாட்டியிருப்பேன். ஆறு தடவையும் அந்த எதிராளி வரவில்லை. மற்ற இருவரும் மாட்டினால் வந்து ஆடினான். சேதுபதி சிரிக்க ஆரம்பித்தான். "மருதப்பனைக் கண்டா பயந்து ஒளிஞ்சுக்கிறான் போல." எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு அந்தக் கடைக்காரர் மாட்டும்போது இப்படி ஆனால் எழுதிக் கொடுத்த என் பெயர் என்ன ஆவது என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. இப்போது சொல்லவே கூசுகிறது.

"யாக்கூபு, அதைப் பிரி."

"பிரிச்சா அவ்வளவுதாண்ணே. திரும்பச் சுத்த ரெண்டு மாசம்."

"நாளைக்கு அவர் முன்னால போய் மானம் போறதுக்கு இது எவ்வளவோ மேல். மேல் அடுக்குலதான் இருக்கும். பச்சைப் பொட்டைக் கண்டதும் நிறுத்திடலாம். அங்கேயே வெட்டி ஒட்டிடலாம்."

அவன் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சேதுபதி சிரிப்பை நிறுத்திவிட்டு, "அலீம் பாய் வரட்டுமே லா, அந்தப் பெட்டியையும் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்றான். நல்ல யோசனை. நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "ஒண்ணைத் தேத்தாம இன்னொண்ணைக் கேட்டா ரெண்டும் குழம்பும்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

யாக்கூப் கத்தியை எடுத்தான். வார்னிஷ் பூசிய துணியைக் கீறினான். இரும்புத் தகடுகளை ஒவ்வொன்றாக உருவி நாளிதழின் மேல் அடுக்கினான். பிறகு கம்பியைப் பிரிக்கத் தொடங்கினான். முதல் அடுக்கில் பச்சை இல்லை. "அடுத்தது" என்றேன். அதிலும் இல்லை. வார்னிஷில் ஊறிய கம்பி திரும்பச் சுற்ற உதவாத மாதிரி நெளிந்து நெளிந்து அவன் மடியில் விழுந்தது. நாலாவது அடுக்குக்கு மேல் அவன் என்னைக் கேட்கவே இல்லை. கடைசிவரை பிரித்தான். வெறும் கட்டை கையில் நின்றது.

ஒரு இடத்திலும் பச்சை இல்லை. ஒரு இடத்திலும் அறுந்திருக்கவில்லை. ஆறாயிரம் சுற்றும் ஒரே கம்பி.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "கண்ணுக்குத் தெரியாத விரிசலா இருக்கும்" என்றேன்.

அப்போதுதான் அலீம் பாய் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். ஒரு கையில் ஜப்பான் ஆம்ப், மறு கையில் வோல்ட்டைக் குறைக்க அதற்குத் தேவையான இன்னொரு கனத்த பெட்டி. யாக்கூபின் மடியைப் பார்த்தவர், "அல்லா! என்ன ஆச்சு?" என்றார். சேதுபதி சுருக்கமாகச் சொன்னான். அலீம் பாய் எல்லாவற்றையும் இணைத்து, தான் ஒரு தடவை கேட்டுவிட்டு, ஹெட்போனை என்னிடம் நீட்டினார்.

"நம்ம பெட்டி சுத்தமா இருக்கு. ரெண்டு பேரும் அடிக்கிறாங்க. கேளுங்க மருதப்பன்."

மாட்டினேன். வலது பக்கம் பந்து அடிபட்டது. இடது பக்கம் ஒன்றுமில்லை.

"இதுலயும் இடது இல்லையே" என்று என் வாய் சொல்லிவிட்டது. அப்போதும் பெட்டியைத்தான் சொன்னேன், சத்தியமாக. சேதுபதி சட்டென்று அதை என் தலையிலிருந்து கழற்றித் தன் காதில் வைத்தான். வைத்தவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அலீம் பாய் மெதுவாக, "திருப்பிப் போட்டுப் பாருங்க" என்றார்.

இடது கிண்ணத்தை வலது காதுக்கும், வலது கிண்ணத்தை இடது காதுக்கும் மாற்றி மாட்டினேன். இத்தனை நேரம் காணாமல் போயிருந்த அந்த எதிராளி என் வலது காதில் வந்து ஆனந்தமாக அடித்தான். இதுவரை அடித்துக்கொண்டிருந்தவன் மறைந்து போனான்.

தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தபடி நின்றேன். பொய் சொல்ல ஒரு கணம் தோன்றியது, அதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். மூன்று பேரும் என் இடது காதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் பொன்னுக்கு வீங்கி வந்து பத்து நாள் படுத்திருந்தேன். நாற்பது வயதில் குழந்தைகள் நோயா என்று கப்பலில் எல்லாரும் கேலி செய்தார்கள். எழுந்தபோது இடது பக்கம் ஙொய்யென்று ஓர் இரைச்சல். காய்ச்சலின் மிச்சம் என்று விட்டுவிட்டேன். டெலிபோனை எப்போதும் வலது காதில் வைப்பவன். ஸ்பீக்கரில் கேட்டால் ஒரு காதே போதும், வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகச் சத்தம் கொடுக்கிற ஒரு பொருளை நோய்க்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை மாட்டியிருக்கிறேன். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். என்னை மாற்றிப் பார்க்கத் தோன்றவில்லை.

"போயிடுச்சு" என்றேன். "என் காது போயிடுச்சு."

சேதுபதி ஒரு நாற்காலியை என் பின்னால் இழுத்துப் போட்டான். அலீம் பாய் நல்ல டாக்டர் இருக்கிறார், நாளைக்கே போகலாம் என்று ஏதோ சொன்னார். எனக்கு உட்காரவும் முடியவில்லை. யாக்கூப் தரையில் அப்படியே இருந்தான். மடியில் அந்தக் கம்பிக் குவியல்.

"யாக்கூபு, இப்பவே எழுதித் தர்றேன்" என்று சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன். "உன் பெட்டியில ஒரு குத்தமும் இல்லை, குத்தம் என் காதுலன்னு எழுதுறேன். நாளைக்கு நானே கடைக்கு வந்து அவர் கிட்ட சொல்றேன்."

"எதைப் போட்டுக் காட்டுவீங்கண்ணே?"

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். திட்டுடா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"என்னை மன்னிச்சிடு தம்பி."

அவன் என் பக்கம் திரும்பவில்லை. மடியிலிருந்த கம்பியை இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலையில தனியா உக்காந்து நாலு தடவை கேட்டேண்ணே. இங்க உங்க முன்னாலயும் கேட்டேன். ரெண்டு பக்கமும் வந்துச்சு, எனக்கு நல்லாக் கேட்டுச்சு" என்றான். "கேட்டும் பிரிச்சேன்."