நான் கத்தாத செவ்வாய்க்கிழமை

ஆபீஸில் எனக்குப் பட்டப்பெயர் 'பிரேக்'. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, ஆனால் நான் லிஃப்டில் ஏறினால் சிரிப்பை விழுங்குவார்கள். விழுங்கட்டும். இருபத்திரண்டு வருடமாகப் பிறர் பணத்தைக் கம்பெனிகளுக்குக் கடனாகக் கொடுத்து வட்டியோடு திருப்பி வாங்குகிறேன். விசிட்டிங் கார்டில் கடன் பத்திர நிதி மேலாளர் என்று போட்டிருக்கும். பங்குச் சந்தைக்காரனுக்கு ஒன்று பத்தாகும். எனக்கு ஒன்று ஒன்றேகாலாகத் திரும்பினாலே பெரிய விஷயம். திரும்பாவிட்டால் மொத்தமும் அம்பேல்.

மூன்று சுற்று பார்த்துவிட்டேன். ஏற்றம், மப்பு, சரிவு, ஒப்பாரி, மறுபடி ஏற்றம். பொருளாதார நிபுணர்கள் வரைபடம் போட்டு விளக்குவார்கள். எனக்கு வரவேற்பறை போதும். கடன் கேட்கிறவன் நம் ஆபீஸில் வந்து காத்திருக்க வேண்டும். நாம் போய் அவன் ஆபீஸில் காத்திருந்தால் ஏற்றத்தின் உச்சிக்கு வந்துவிட்டோம், அடுத்தது சரிவுதான் என்று அர்த்தம். மூன்று வருடம் முன்பு ஒரு கட்டுமானக் கம்பெனியின் வரவேற்பறையில் என்னை ஐம்பது நிமிடம் உட்கார வைத்தார்கள். கடைசியில் ஒரு பெண் வந்து, "உங்களுக்குக் கொஞ்சந்தான் ஒதுக்க முடியும் மேடம்" என்றாள். நம் பணத்தை வாங்கிக்கொள்ள அவர்களுக்கு மனசில்லையாம்! போங்கடா நீங்களும் உங்கள் பத்திரமும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பக்கத்து அறை 'ராக்கெட்' வாங்கினான். வாரி வாரி வாங்கினான். அவனும் எங்கள் ஆபீஸில் இன்னொரு நிதிக்கு மேலாளர்தான். அவன் நிதி என்னுடையதைவிட இரண்டு சதவீதம் அதிகம் கொடுத்தது. அந்த இரண்டு சதவீதத்தில் மயங்கி, என் அக்கா வீட்டுக்காரர் போன வருடம் தன் ஓய்வுப் பணம் முழுவதையும் என் நிதியிலிருந்து உருவி அவனிடம் போட்டார். பிஸ்கட் ஆலையில் முப்பத்தோரு வருடம் அடுப்பு முன்னால் நின்ற பணம். பத்தொன்பது வருடமாக வாடகைக்கு இருக்கும் வீட்டையே விலைக்கு வாங்க வைத்திருந்தார்கள்.

"அத்தான், தயவுசெஞ்சு அங்க போடாதீங்க!" என்று சாப்பாட்டு மேசையிலேயே கத்தினேன்.

"நீ எப்பம்மா நல்லது சொல்லியிருக்கே? இடி விழும் இடி விழும்னு எத்தன வருஷமா சொல்றே. ஒரு தூறல்கூடக் காணோம்," என்றார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதன் பிறகு பார்க்கும்போதெல்லாம் கத்தினேன். போனிலும் கத்தினேன். என் நம்பரைப் பார்த்தாலே அத்தான் போனை அக்காவிடம் கொடுத்துவிடுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எம்.டி. என்னைக் கூப்பிட்டார். அதே கட்டுமானக் கம்பெனி வியாழக்கிழமை வட்டி கட்டப்போவதில்லை. வெளியே இன்னும் யாருக்கும் தெரியாது. ராக்கெட் மூலை நாற்காலியில் சுருண்டு கிடந்தான். மேசையில் என் கையெழுத்துக்காக ஒரு தாள். அவன் நிதியில் இருக்கும் அந்தப் பத்திரங்களை எல்லாம் முழு விலைக்கு என் நிதி வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

"உங்க நிதி பெருசு மேடம். யாருக்கும் வலிக்காது," என்றார் எம்.டி.

"என்கிட்ட பணம் போட்டவங்க என்ன சார், இளிச்சவாயங்களா?"

"கோபப்படாதீங்க. உங்க குடும்ப முதலீட்டுப் படிவத்தப் பார்த்தேன். உங்க அக்கா வீட்டுக்காரர் ராக்கெட் நிதியிலதான் இருக்கார். நீங்க கையெழுத்துப் போட்டா அவர் பணம் தப்பிக்கும். பிடிக்கலயா, நாளைக்கு மூணு மணிக்குள்ள அவர பணத்த எடுத்துக்கச் சொல்லுங்க. நான் கண்டுக்க மாட்டேன்."

நாங்கள் தப்பு செய்யாமல் இருப்பதற்காக வருடாவருடம் நிரப்பிக் கொடுக்கும் படிவம் அது. அதையே எடுத்து என் கழுத்தில் வைக்கிறான் பாவி மனுஷன்! தாளை நாலாகக் கிழித்து அவர் மேசையிலேயே போட்டேன். கதவை அறைந்து சாத்திவிட்டு, நேரே சட்டப் பிரிவுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த அம்மா படித்துவிட்டு, "வியாழக்கிழமை அறிவிப்பு வர்ற வரைக்கும் வெளியில மூச்சு விடக் கூடாது. குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்," என்றார்.

சாயங்காலம் காரில் ஏறும்போது அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, வீட்டுக்குப் பணம் கட்ட இன்னும் மூணு வாரம் இருக்கு. இப்பவே எடுத்துடலாமா, இல்ல மாசக் கடைசி வரைக்கும் விடலாமான்னு அத்தான் கேக்கச் சொன்னார்."

'எடு' என்கிற சொல் நாக்கு நுனியில் நின்றது. ஒரே சொல். என் அக்கா மட்டும் தப்பித்தால் அவள் நஷ்டமும் அந்த நிதியில் மிச்சமிருக்கிற வேறு யாரோ ஒருத்தி தலையில்தான் விடியும். அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லத் தங்கச்சி இருக்க மாட்டாள். ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினேன்.

"அதப்பத்தி நான் பேசக் கூடாதுக்கா," என்றேன்.

"என்னடி, குரலே எழும்பல? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

வியாழக்கிழமை அறிவிப்பு வந்தது. ராக்கெட் நிதியின் மதிப்பு பாதியானது, மிச்சத்தையும் எடுக்க முடியாதபடி நிறுத்தி வைத்தார்கள். எம்.டி. தொலைக்காட்சியில் வந்து 'எதிர்பாராத சந்தைச் சூழல்' என்றார். சூழலாம், மண்ணாங்கட்டி! அந்தக் கடன் வியாழக்கிழமையா கெட்டது? மூன்று வருடம் முன்பு, எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தபோதே கெட்டுவிட்டது. டிவியைப் பார்த்துத் தொண்டை கட்டும்வரை திட்டினேன்.

சனிக்கிழமை இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். அத்தான் சண்டைக்கு வருவார், நன்றாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, "நீ சொன்னேம்மா. நான்தான் கேக்கல," என்றார். குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அக்கா உட்காரவே இல்லை.

"செவ்வாய்க்கிழமை நான் போன் பண்ணினப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"இவர் எடுத்துடலாம்னுதான் சொன்னார். நான்தான் வேணாம்னேன். 'அவ இன்னைக்குக் கத்தலங்க, எல்லாம் சரியாயிடுச்சு போல, விடுங்க'ன்னேன்."

சட்டத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"இப்பக் கத்துடி," என்றாள் அக்கா. "எங்க, இப்பக் கத்து பார்ப்போம்."