நிறஞ்சலாவின் ஒற்றை விசிறி

கொன்ஸ்ரன்ரைனுக்கு எல்லாமே குதிரைச் சக்திக் கணக்குத்தான். எட்டுக் குதிரை எஞ்சின் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பதினைந்து என்றால் பரவாயில்லை என்பார், நாற்பது என்றால் மனுசன் கதிரையை விட்டு எழும்பிவிடுவார். தலைமன்னார்க் கடலில் மீன் பிடித்தே பாதி ஆயுளைக் கழித்தவரிடம் வேறெதை எதிர்பார்க்க முடியும்? கணினித் திரையில் படத்தை வேகமாக ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்ட் ஒன்று வாங்க வேண்டும் என்று மனைவி நிறஞ்சலா சொன்னபோதும் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அது எத்தினை குதிரை?"

நிறஞ்சலா சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. வீட்டு முன்னறையில் மேசை போட்டு, கணினியில் படம் வரைந்து கொடுப்பது அவளுடைய தொழில். இத்தனை காலமும் வீட்டுப் பிளான், மதில், கிணறு என்று தட்டையான படங்கள்தான். அதற்குப் பழைய கணினி தாராளமாகக் காணும். இப்போதுதான் பேசாலைப் பக்கம் படகுப் பட்டறை நடத்தும் றொட்னி ஒரு பெரிய வேலை கொடுத்திருந்தான். அவன் புதிதாகக் கட்டப்போகும் படகை நீளம், அகலம், ஆழத்தோடு கணினிக்குள் அப்படியே எழுப்ப வேண்டும். வாங்க வருகிறவர்களுக்கு அதைத் திரையில் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும்.

படகை அவள் வடிவாக வரைந்து முடித்துவிட்டாள். திருப்பினால்தான் வினை. முன்மூக்கான அணியத்தை மவுசால் பிடித்து இழுத்தால் படகு அசையாது. எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து பார்த்தால், நடுநடுங்கிக்கொண்டு பாதி திரும்பியிருக்கும். "காட்ட ஏலாட்டி வேலையைக் கொழும்புக்குத்தான் குடுக்க வேண்டி வரும் அக்கா," என்று றொட்னி மறைக்காமல் சொல்லியிருந்தான். இது கையை விட்டுப் போனால் இனி ஆயுளுக்கும் மதிலும் கிணறும்தான்.

மன்னார் டவுனில் கணினிக் கடை வைத்திருக்கும் பைசர், கண்ணாடி மேசையில் இரண்டு கார்டுகளை எடுத்து வைத்தான். ஒன்றில் மூன்று விசிறி, ஓரமெல்லாம் கலர் லைட், தூக்கினால் நல்ல கனம். மற்றது உள்ளங்கை நீளத்தில் ஒற்றை விசிறியோடு ஏழைப் பிள்ளை மாதிரிக் கிடந்தது.

கொன்ஸ்ரன்ரைன் பெரியதை இரண்டு கையாலும் தூக்கினார். "இதுதான் சாமான். இது நாப்பது குதிரை. மற்றது என்ன, பம்பரமே?"

"அது கேம் விளையாடுற ஆக்கள் வாங்குறது அண்ணன்," என்றான் பைசர்.

"ஆர் வாங்கினா என்ன? வேகம் வேகம்தானே?"

"உங்கட சின்ன வள்ளத்தில நாப்பதைப் பூட்டுவீங்களே?" என்று நிறஞ்சலா கேட்டாள்.

"பூட்டினா பின்பக்கம் பிளந்திடும்."

"அதுதான். என்ர பெட்டிக்குள்ள இது அடங்காது. இது கேக்கிற கரண்டை என்ர பவர் சப்ளை குடுக்காது. சின்னது வரையிற வேலைக்கெண்டே செய்தது. நான் பாவிக்கிற புரோகிராமைச் செய்த கம்பனியே இதோட ஓட்டிப் பாத்துச் சரியெண்டு சொல்லியிருக்கு. மெமறியும் என்ர படகுக்குக் காணும்." மூச்சு விடாமல் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்றைச் சேர்த்தாள். "அதோட, மூண்டு விசிறியெண்டா எங்கட வீட்டு உப்புக் காத்தை மூண்டு பக்கத்தாலயும் உள்ளுக்கு இழுக்கும்."

சும்மா சொல்லக்கூடாது, மற்றக் காரணமெல்லாம் காற்றோடு போக, உப்புக் காற்று மட்டும் அவர் மண்டையில் சுரீர் என்று ஏறியது. பெரிய கார்டை மெல்லக் கீழே வைத்தார். உப்புக் காற்றோடு அவருக்குத் தீராத பகை. கடலால் வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து மூடிக் கட்டாமல் சோற்றுக் கோப்பையைத் தொடமாட்டார். அந்த வீட்டில் பிரிட்ஜ் கதவின் பிணைச்சலுக்குக் கிறீஸ், ரீவி றிமோட்டுக்குப் பொலித்தீன் உறை, தையல் மெசினுக்கு அவர் உடுத்துக் கழித்த பழைய சாரம். மூடாமல் கிடந்தது நிறஞ்சலா மட்டும்தான்.

அவர்கள் கொண்டுவந்திருந்த கணினிப் பெட்டிக்குள் பைசர் சின்னக் கார்டைப் பூட்டி, அதற்குரிய புரோகிராமையும் ஏற்றிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்ததும் நிறஞ்சலா மேசைக்குக் கீழே குனிந்து, திரையின் வயரைப் பழைய துவாரத்தில் விடாமல் புதுக் கார்டின் துவாரத்தில் தன் கையாலேயே செருகினாள். கணினியின் ஆளியைப் போடப் போக, கரண்ட் நின்றுவிட்டது. காத்திருந்து பார்த்துவிட்டு, விடிந்ததும் பார்ப்போம் என்று படுத்தாள்.

காலையில் கொன்ஸ்ரன்ரைன் கடலுக்குப் போன பிறகு, மாதாவை நினைத்துக்கொண்டு கணினியைப் போட்டாள். படகைத் திறந்தாள். அணியத்தைப் பிடித்து இழுத்தாள்.

படகு நடுங்கியது. பாதி திரும்பி நின்றது. பழைய கதைதான்.

அணைத்துப் போட்டாள், பிறகும் அதேதான். பைசருக்குக் கோல் எடுத்தாள். "கார்டின்ர பேர் கொம்பியூட்டருக்குள்ள காட்டுதா அக்கா?" என்று கேட்டான். காட்டியது. "அப்ப கார்ட் நல்லாத்தான் இருக்கு." கார்டில் பிழையில்லை என்றால் பிழை அவள் தெரிந்தெடுத்ததில்தான். எத்தனை வாசித்தாள், எத்தனை பேரிடம் விசாரித்தாள், கடையில் வைத்து எப்படி வாயடித்தாள்! மூன்று விசிறியும் கலர் லைட்டும் கண்ணுக்குள் வந்து சுற்றின. வெட்கத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கொன்ஸ்ரன்ரைன் மீனோடு வந்தபோது அவள் போனைக் கையில் பிடித்தபடி இருந்தாள்.

"நீங்கள் சொன்னதுதான் சரி," என்றாள். "பெரிசையே வாங்கியிருக்கலாம். இது இழுக்குதில்லை. றொட்னிக்கு ஏலாதெண்டு சொல்லப் போறன்."

வேறு நாளென்றால் 'நீங்கள் சொன்னதுதான் சரி' என்பதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பார். இன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கு மனம் கேட்கவில்லை. மீன் பையை அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ பாத்து வாங்கினது பிழைக்காது. அவசரப்படாத. நான் அதுக்கு உப்புக் காத்தே படாமப் பண்ணி வச்சிருக்கிறன்."

"என்ன பண்ணி வச்சிருக்கிறீங்கள்?"

"விடிய எழும்பிப் பாக்க, புதுசின்ர ஓட்டையெல்லாம் ஆவெண்டு கிடக்குது. கம்பனிக்காரன் தந்த றப்பர் மூடி மேசையில கிடக்குது. உனக்கு ஒரு கவனமும் இல்லை. எல்லாத்தையும் மூடி, மேல வயர் சுத்துற கறுப்பு ரேப்பும் ஒட்டினனான்."

"அப்ப அதில கிடந்த வயர்?"

"அதைப் பழைய ஓட்டையில செருகினனான். அது ஏற்கெனவே துருப்பிடிச்சதுதானே. அது இருக்க, புதுசை ஏன் பழுதாக்குவான்?"

நிறஞ்சலா அவரைப் பார்த்தாள். பிறகு மேசைக்குக் கீழே புகுந்தாள். ரேப்பை உரித்து மூடியைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது.

"பழசில செருகினா படம் பழசாலதான் வரும்!" மேசைக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. "புதுசு நாள் முழுக்க மூடிக்கட்டிச் சும்மா கிடந்திருக்கு!"

வெளியே வந்து படகைத் திறந்தாள். இழுக்கக்கூட இல்லை, விரல் பட்டதும் திரும்பியது. அணியம் வந்தது, அடிப்பக்கம் வந்தது, சுற்றி மறுபடி அணியம் வந்தது. ஒரு நடுக்கம் இல்லை. நிறஞ்சலாவுக்கு நெஞ்சு நிறைந்து போனது. திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த சொல்லெல்லாம் சிரிப்பாக வந்தது. கொன்ஸ்ரன்ரைன் திட்டு விழுமென்று தள்ளி நின்றவர், சிரிப்பைக் கண்டதும் கிட்ட வந்தார்.

"பம்பரம்தான்," என்றார்.

அவள் போனை எடுத்து, "தம்பி றொட்னி, நாளைக்கு ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்று பேசிப் பதிந்து அனுப்பினாள். குரல் ஒரு பிசிறும் இல்லாமல் வந்தது.

"நானும் ஒருக்காத் திருப்பிப் பாக்கட்டே?"

"முதல் போய் மீன் கையைக் கழுவிக்கொண்டு வாங்கோ."

அவர் கிணற்றடிக்கு ஓடினார். நிறஞ்சலா மறுபடியும் மேசைக்குக் கீழே குனிந்து, வயர் போகாத மற்றத் துவாரங்களுக்கெல்லாம் மூடியை ஒவ்வொன்றாக அழுத்திப் போட்டாள். கறுப்பு ரேப்பையும் மேலே ஒட்டிவிட்டாள்.