கொசுவுக்கு ஒரு பெட்டி

1

இந்தக் கதை எனக்கு விமான நிலையத்தில் கிடைத்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், இரட்டைத் தாழ்ப்பாள் போட்ட பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றை எடை பார்க்கத் தூக்கி வைத்தாள். “உள்ள என்ன இருக்கு?” என்று கேட்டார் கவுண்டரில் இருந்தவர். கயிற்றுக்கு அப்பால் நின்ற கணவனை அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒண்ணும் இல்லைங்க. காலிப் பெட்டி,” என்றாள்.

ஒட்டுக் கேட்பது தப்புதான். ஆனால் காலிப் பெட்டியை மெனக்கெட்டு விமானத்தில் ஏற்றுகிற ஒருத்தியை எப்படி விட்டுவிட்டு வருவது? மீதியை நானே இட்டுக்கட்டினேன்.

(அதற்குச் சற்று முன்னால் இன்னொன்றும் கேட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் எழுந்து உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.)

2

முதல் வரிக்காக நான் பட்ட பாடு:

‘பெட்டியின் மூடி திறந்தபோது அவள் மூச்சு—’

(வேண்டாம். பெட்டி திறப்பதில் தொடங்கினால் உள்ளே புதையலோ பிணமோ இருந்தாக வேண்டும். என்னிடம் இருப்பது ஸ்பாஞ்ச்.)

‘வானம் அவளை அழைத்தது. அவள்—’

(வானம் யாரையும் அழைக்கவில்லை. அழைத்தது ஒரு சிமெண்ட் ஆலை.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆள் ஏற முடியாத இடங்களை டிரோன் விட்டுப் படம் எடுப்பது அவள் தொழில். வேறொரு ஊரில் ஆலையின் புகைபோக்கியில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த முதல் வேலை. டிரோன் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தால் அதுவே கடைசி வேலையாகவும் ஆகிவிடும்.

கணவனை முதல் பிரதியில் வில்லனாக எழுதினேன். மீசைகூட வைத்தேன். ஆனால் விமான நிலையத்தில் நான் பார்த்த ஆள் மழமழவென்று இருந்தான். ஷூ போட்டிருந்தான், காலுறை இல்லை. வெறுங்கணுக்காலோடு நிற்கிறவனை எப்படி வில்லனாக்குவது? மீசையை எடுத்துவிட்டு, கையில் ஒரு தொழிலைக் கொடுத்தேன். பல் செட் செய்கிறவன்.

அவள் அலுவலக வேலையை விட்டு டிரோன் வாங்கியபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்று. “வேலையை விட்டுட்டு கொசு விடப் போறியா?” அன்றிலிருந்து அந்த வீட்டில் டிரோனுக்குப் பெயர் கொசு. பால் வாங்கியாச்சா, சாவி எங்கே என்பதைத் தாண்டி இருவருக்கும் பேச்சில்லாமல் போனது. ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள்.

ஆலை வேலை வந்த வாரம், சாப்பாட்டு மேசையில் அந்தக் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

“என்னங்க இது?”

“உன் கொசுவுக்கு.”

உள்ளே ஸ்பாஞ்சை அச்சு எடுத்தாற்போல் செதுக்கியிருந்தான். அவள் வெளியே போன நேரமெல்லாம் அளவு எடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு இறக்கைக்கும் ஒரு பள்ளம், ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு குழி. டிரோனை வைத்து அழுத்தினாள். ஈறில் பல் மாதிரி உட்கார்ந்தது. ஆனால் திரும்ப எடுக்க வரவில்லை.

“என்னங்க, பிடுங்கத்தான் வரமாட்டேங்குது.”

“பிடுங்குறது டாக்டர் வேலை. நான் மாட்டுறதோட சரி.”

ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து எடுத்தார்கள். இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. அவளுக்கு அழுகைகூட வந்தது. இந்தக் கதையில் உடையக்கூடிய பொருள் டிரோன் மட்டும் இல்லை என்பது எழுதுகிறவனுக்கும் அப்போதுதான் உறைத்தது.

3

(இது அடிக்குறிப்பாகப் போக வேண்டியது. அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை என்பதால் நடுவிலேயே போடுகிறேன். டிரோனோடு விமானம் ஏறுகிறவர்கள் உதிரி பேட்டரிகளைச் சரக்கில் போடக் கூடாது. கையில்தான் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றின் முனையிலும் டேப் ஒட்டி, தனித்தனி உறையில் போடுவது நல்லது. கெட்டிப் பெட்டி அடி தாங்கும்தான். ஆனால் பெரிதாக இருந்தால் சரக்கில்தான் போகும், அங்கேதான் அடியும் விழும். சின்ன மென்பை இருக்கைக்கு அடியில் நம் காலடியிலேயே கிடக்கும்.)

அவன் செய்த பெட்டி, விமானத்துக்குள் கையோடு எடுத்துப் போகும் அளவைவிட ஒரு முழம் பெரிது. சரக்கில் போட்டால், அவன் பெருமையோடு காட்டிய பேட்டரிக் குழிகள் எதற்கும் உதவா. அவள் அளவு நாடாவை வைத்து நாலு தடவை அளந்து பார்த்தாள். அளந்தால் பெட்டி சுருங்குமா?

அப்போது அவள் கண்ணில் பட்டது பழைய அலுவலகச் சாப்பாட்டுப் பை. தட்டையான அடி, உள்ளே மெத்தென்று ஸ்பாஞ்ச், சுற்றிலும் ஜிப். டிரோனை மடக்கி, கேமராவுக்கு மூடி போட்டு, துண்டில் சுற்றி வைத்தாள். அவளுக்காகவே காத்திருந்த மாதிரி உட்கார்ந்தது. பேட்டரிகளுக்கு டேப் ஒட்டினாள். உறைக்கு எங்கே போவது? அலமாரியைத் திறந்தாள். அவனுடைய காலுறைகள் இருந்தன.

(காலுறை என் கற்பனை இல்லை. சோதனை மேடையில் அவள் தட்டு எனக்கு முன்னால்தான் போனது. துண்டுக்குள் டிரோன், பக்கத்தில் ஆம்பிளைக் காலுறைகளுக்குள் பேட்டரிகள்.)

காலிப் பெட்டியின் தாழ்ப்பாளைப் பூட்டி வாசலில் வைத்தாள்.

4

இதுவரை படித்த என் மனைவி கேட்டாள். “அவ ஏன் அவர்கிட்ட நேரா சொல்லலை?”

“சொன்னா கதை முடிஞ்சிடுமே.”

“உங்களுக்குக் கதை. அவளுக்குக் குடும்பம்.”

அவள் சொன்ன மாதிரியே ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: ‘“ஏங்க, இந்தப் பெட்டி கொஞ்சம் பெருசுங்க,” என்றாள். அவன் முகம்—’

அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அந்த முகத்தை எழுத எனக்குத் துணிவில்லை. அவளுக்கும் பார்க்கத் துணிவில்லாமல்தான் காலிப் பெட்டியைச் சுமந்துபோனாள் என்று இப்போது படுகிறது.

இன்னொரு முடிவு: பெட்டி வேறு ஊருக்குத் தவறிப் போய்விடுகிறது. அங்கே அதிகாரிகள் சுற்றி நின்று திறந்து, கொசு வடிவத்தில் ஒரு பள்ளத்தைப் பார்த்துத் திகைக்கிறார்கள். (எழுதும்போது நன்றாகச் சிரித்தேன். அதனாலேயே அடித்துவிட்டேன்.)

5

சொல்கிறேன் என்று சொன்னது.

கார் நிறுத்துமிடத்திலிருந்து அவர்களுக்குப் பின்னால்தான் நடந்து வந்தேன். பெட்டி அவன் கையில். கொஞ்ச தூரம் வலது கையில் தூக்கினான், பிறகு இடது கைக்கு மாற்றினான். ஓரிடத்தில் கீழே வைத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அவள் கை நீட்டினாள்.

“குடுங்க, நான் தூக்கறேன்.”

“விடு. கனமா இருக்கு.”

அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு கொஞ்ச நேரம் அசையவில்லை. அவன் ஒரு முக்கலோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

வெற்றுப் பெட்டிக்கே கனம் உண்டு, இதில் என்ன அதிசயம் என்கிறாள் என் மனைவி. இருக்கலாம். ஆனால் காலையில் காலுறை தேடிக் கிடைக்காமல், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஷூவை மாட்டிக்கொண்டு வந்தவன் அவன். சாப்பாட்டுப் பை அவள் தோளில் அவன் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டி காலி என்பது தூக்கியவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

விமானம் இறங்கியதும் அவன் போன் செய்வான். “பெட்டி பத்திரமா வந்துச்சா?” என்று கேட்பான். அதற்கு அவள் என்ன சொல்வாள் என்று நான் எழுதப்போவதில்லை. எனக்குப் பொய்யும் சரியாக வரவில்லை, உண்மையும் வரவில்லை. உங்களுக்கு வீட்டில் யாரிடமாவது இப்படிப் பேசிப் பழக்கம் இருக்கும். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், இடம் விட்டிருக்கிறேன்:

“. . . . . . . . . . . . . . . . . . . .”