அண்ணனுக்கு எழுதிய ஏழு குறைகள்

அம்மா கட்டிலில், அப்பா ஜன்னலோர நாற்காலியில், தங்கை கதவருகே தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, மேசைமுன் நான்... காலையில் அவர் உட்கார்ந்து எழுந்துபோன முக்காலியில் மட்டும் யாரும் இல்லை. கடிகாரம் பழுதுபார்ப்பவர், எங்கள் சுவர்க்கடிகாரத்துக்காக இரண்டு வருடத்தில் ஐந்து முறை வந்தவர், அதில் ஒருமுறை ஊசலை நானே கழற்றி வைத்தேன், எனக்காகத்தான் வருகிறார் என்று யார் சொன்னார்கள் எனக்கு? காபி கொண்டுபோனது தங்கை, பேசியது நான், அவர் பார்த்தது எங்கே? இன்று வந்து அவளைப் பெண் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். "நீதான் வந்த ரெண்டு வரனையும் வேணாம்னுட்டே, சின்னவளுக்காவது ஆகட்டும். பெரியவன் சரின்னா சரி, நடந்தத நடந்தபடி எழுதுடி" என்றாள் அம்மா. எதற்காக வேண்டாமென்றேன் என்று இனி யாரிடம் சொல்வது...

வெளியூரில் இருக்கும் அண்ணனுக்குக் கடிதம் என்றால் நான்தான், முதலில் வரைவு, பிறகு திருத்திய படி, விஷயங்களுக்கு எண், ஒட்டுமுன் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவது, பத்து வருடத்தில் ஒரு சொல் மாற்றி வாசித்ததில்லை. இன்று மாற்றினேன். "நல்ல மனிதர், நிதானமானவர், நம் வீட்டுக்கு ஏற்றவர்" என்று வாசித்தேன், குரல்கூட நடுங்கவில்லை, தாளில் அந்த வரியே கிடையாது, தாளில் இருப்பது ஏழு குறைகள், கடைசியில் 'இந்த இடம் வேண்டாம்'. "அக்கா, போதும், கேட்டா அவருக்குத் தலைக்கனம் வந்துடும்" என்று சிரித்தாள் தங்கை, கண் கலங்கியிருந்தது, "குடு, நானே ஒட்டறேன்." அப்பா, "மை காயட்டும், பறக்காதே" என்றார். பிரித்துப் படிப்பாளோ என்று அவள் விரல்களையே பார்த்தேன், படிக்கவில்லை, நான் எழுதியதை அவள் என்றைக்குச் சரிபார்த்தாள்? பசை தடவி, விளிம்பை விரலால் மும்முறை நீவி, செருப்புகூடப் போடாமல் ஓடினாள். ஜன்னல் வழியே தெருமுனைத் தபால்பெட்டி தெரிகிறது. ஏழு குறைகளையும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டினேன், வழக்கம்தான்... ஒன்று, மாடியேறும்போது நான்காம் படியில் நின்று மூச்சு வாங்குகிறார். இரண்டு, சிரிப்புப் பேச்சுக்கு ஒரு நொடி தாமதித்தே சிரிக்கிறார். மூன்று, திருகாணி தேடும்போது கீழுதட்டைக் கடிக்கிறார். நான்கு, வந்த ஐந்து முறையும் அதே நீலச்சட்டை... இதெல்லாம் குறையா? அண்ணன் ஒவ்வொரு வரியாக நிறுத்திப் படிப்பவன், படித்துவிட்டு, மாப்பிள்ளையைப் பற்றி யோசிப்பானா, அல்லது இத்தனையும் உட்கார்ந்து பார்த்தவள் யார் என்று... நான் எழுந்தேன், கூப்பிட வாய் திறந்தேன், அங்கே அவள் கை உள்ளே போய் வெளியே வந்தது, பெட்டியின் தகரமூடி ஒருமுறை ஆடி நின்றது.