சீமெந்துப் பேப்பர் எக்ஸ்ரே

மாணிக்கவாசகம் தம்புள்ளையிலிருந்து வாங்கிவந்த மலைச் சைக்கிளில் இருபத்தொரு கியர் இருந்தது. சேற்றைத் தடுக்கும் மட்காட் இல்லை. 2000ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அது. பாதை காய்ந்து கிடந்ததால் குறை தெரியவில்லை. வாங்கிய அன்றே அவருடைய மனைவி புஷ்பவதி அடம்பிடித்து, பின்னால் ஆள் உட்காரும் ஒரு கெரியரை மட்டும் போடவைத்தாள். அந்த அழகான சைக்கிளுக்கு அது திருஷ்டிப் பொட்டு என்பது அவருடைய எண்ணம்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. அலுவிகாரைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ஆசிரியர் விடுதியிலிருந்து மேல் டிவிஷன் பாடசாலைக்கு மூன்று மைல். அந்த மூன்று மைலிலும் பின்சக்கரம் சேற்றை அள்ளி அவர் முதுகில் எழுதியது. டயரில் மூன்று வரிசைப் பற்கள். வெள்ளைச் சட்டையில் இடுப்பிலிருந்து கழுத்துவரை மூன்று கோடுகள்.

கொழுந்து மலையில் தேயிலை பறித்துக்கொண்டிருந்தவர்களில் அதை முதலில் பார்த்தவள் பாப்பம்மா.

"என்னா வாத்தியாரே, ராமரு வந்து முதுகத் தடவிக் குடுத்தாரா?"

அன்றிலிருந்து அவர் அணில் வாத்தியார். பாடசாலைக்குள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர் கரும்பலகையின் பக்கம் திரும்பும்போதெல்லாம் வகுப்பு வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது.

சட்டை துவைத்தவள் புஷ்பவதி. "கணக்கு வாத்தியாரு தானே நீங்க. ஒரு அணிலத் துவைக்க எத்தன கட்டி சவுக்காரம் வேணும்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

"மலைச் சைக்கிளுக்கு மட்காட் போடுறது, ஓட்டக் குதிரைக்குப் பாவாட கட்டுற மாதிரி" என்றார் அவர்.

"குதிர மேல போறவரு சேறு பூசிக்கிட்டா வருவாரு?"

ஜனவரி முதல் வாரத்தில் வந்த கடிதம் இந்த விவாதத்தை முடித்துவைத்தது. தோட்டப் பாடசாலை ஆசிரியர் நியமனத்துக்காகப் புஷ்பவதி இரண்டு முறை பரீட்சை எழுதியிருந்தாள். இந்த முறை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்திருந்தார்கள்: பத்தொன்பதாம் திகதி, காலை எட்டரை மணி, மாத்தளை டவுன். மார்ச்சில் அவளுக்கு வயதெல்லை தாண்டிவிடும். இன்னொரு கடிதம் வராது.

தோட்டத்துப் பாதையில் மதகு உடைந்து பஸ் நின்று இரண்டு வாரமாகியிருந்தது. முச்சக்கரவண்டிக்காரர்கள் மேலே வர மறுத்தார்கள். புஷ்பவதியிடம் நேர்முகப் பரீட்சைக்குக் கட்டக்கூடிய சேலை ஒன்றுதான் இருந்தது, சந்தன நிறத்தில். அதைக் கட்டிக்கொண்டு நான்கு மைல் சேற்றில் நடக்க முடியாது. மிச்சமிருந்தது அந்தக் கெரியர்.

மாணிக்கவாசகம் அலுவிகாரையில் முத்தலிப்பின் சைக்கிள் கடைக்குப் போனார்.

முத்தலிப் மட்காட் விற்கும் முறை தனி. சீமெந்துப் பை ஒன்றின் உள்தாளை வாடிக்கையாளரின் முதுகில் கயிற்றால் கட்டிவிடுவார். கடை வாசலில் ஒரு பள்ளம் உண்டு. பாதை போடுகிறவர்கள் இரண்டு முறை அதை மூட வந்தும் அவர் விடவில்லை. வெயில் காலத்தில் வாளியால் தண்ணீர் ஊற்றி வைப்பார். வாடிக்கையாளர் அந்தப் பள்ளத்தில் மூன்று தரம் ஓட்டிவிட்டு வந்ததும், தாளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் எக்ஸ்ரே.

மூன்று சோடி மட்காட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று வெறும் நாக்குப் போல இருந்தது. இரண்டாவது கறுப்பு பிளாஸ்டிக்; கூர்மையாக, சக்கரத்தின் உச்சியை மட்டும் மூடி, கெரியருக்கு அடியிலேயே முடிந்துவிடும். மூன்றாவது தகரம், சக்கரத்தைப் பாதிக்கு மேல் சுற்றி வந்து, நுனியில் ஒரு ரப்பர் துண்டு தொங்கியது.

"இது தபால்காரர் சைக்கிள்ல இருக்கிறது" என்றார் மாணிக்கவாசகம்.

"தபால்காரர்ட முதுகு சுத்தமாத்தானே ஈக்குது, சேர்."

நாக்கு தோற்றது. கறுப்பு பிளாஸ்டிக்கைப் பூட்டி மூன்று தரம் ஓட்டியபோது தாளில் ஒரு புள்ளிகூட இல்லை. முத்தலிப் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"முதுகுக்கு நோய் இல்ல. பின்னுக்கு ஆள் ஏறுமா, சேர்?"

"வீட்டுக்காரி ஏறுவா. நாப்பத்தெட்டுக் கிலோதான். தாங்கும்."

"தாங்குறதக் கேக்கல்ல நான்" என்று முத்தலிப் தொடங்கினார். ஆனால் மாணிக்கவாசகம் சற்றுத் தள்ளி நின்று சைக்கிளின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சுத்தமான தாளை அவர் வீட்டுச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், ஆணியடித்து மாட்டினார்.

"இது உங்க முதுகு" என்றாள் புஷ்பவதி. "என் முதுகு எங்க?"

"ரெண்டும் ஒரே சைக்கிள் தானே."

பத்தொன்பதாம் திகதி விடிந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. புஷ்பவதி சேலைக்கு மேல் அவருடைய பழைய சுவெட்டரைப் போட்டு, சேலையைச் சற்று உயர்த்திச் செருகி, கெரியரில் இரண்டு பக்கமும் கால் போட்டு, பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். தண்ணீர்த் தாங்கி வளைவைக்கூடத் தாண்டவில்லை. நடுமுதுகில் ஏதோ பட்டென்று விழுந்தது.

"நிப்பாட்டுங்க."

சுவெட்டரைக் கழற்றிப் பார்த்தாள். நடுவில் ஒரு வில்லைச் சேறு. சேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மட்காட் மூடாமல் விட்ட சக்கரத்தின் பின்பாதி, மாணிக்கவாசகத்தை விட்டுவிட்டு அவளைப் பிடித்திருந்தது. அவருடைய சட்டை அன்று பாலைப் போல வெளுத்திருந்தது.

"நான் உன்ன... இது நான் யோசிக்கல்ல."

"தெரியும். நான் யோசிச்சேன்" என்று பையைத் திறந்தாள். சுவரில் மாட்டியிருந்த தாள் நான்காக மடிந்து உள்ளே இருந்தது, ஒரு துண்டுக் கயிற்றோடு.

கழுத்திலிருந்து இருக்கைவரை தொங்கும்படி அதை அவள் முதுகில் அவர் கட்டிவிட்டார். காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தைக் கடப்பதற்குள் தாளில் மூன்று கோடுகளும் விழுந்துவிட்டன. அப்போது பாப்பம்மாவின் குரல் கேட்டது.

"அடியே பாருங்கடி, அணிலு சோடி சேந்துருச்சு."

"போயிட்டு வாறேன்க்கா" என்றாள் புஷ்பவதி, திரும்பாமலே. "டீச்சராகிட்டு வந்து பதில் சொல்றேன்."

பிரதான வீதிக்கு வந்தபோது மணி ஏழே முக்கால். இங்கே கடைகள் இருந்தன, பார்க்க ஆட்களும் இருந்தார்கள். ஆனால் பள்ளங்களில் தண்ணீரும் இருந்தது. தாளைக் கழற்ற மனமில்லாமல் அவள் அதற்கு மேலே சுவெட்டரை உட்புறம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வளைவில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. முந்தைய நாள் அது அங்கே இல்லை.

அடையாள அட்டைகளைப் பார்த்த சிப்பாய், புஷ்பவதி இறங்கியபோது சுவெட்டருக்குள் ஏதோ மொடமொடப்பதைக் கேட்டார். இடுப்பில் கயிற்றின் முடிச்சு துருத்திக்கொண்டிருந்தது. அவர் இரண்டு அடி பின்னால் போனார். துப்பாக்கி உயர்ந்தது. கையை அசைக்காதே என்றார் சிங்களத்தில். தமிழ்ப் பெண் ஒருத்தி உடம்பில் எதையோ கட்டி மறைத்துக்கொண்டு வந்தால் என்ன நினைப்பார்கள் என்பது குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் எல்லோருக்கும் தெரியும். புஷ்பவதி இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றாள். வரிசையில் நின்றவர்கள் ஓசையில்லாமல் விலகினார்கள்.

மாணிக்கவாசகம் நன்றாகச் சிங்களம் பேசுவார். அந்த நேரத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. "மட்காட்" என்றார். பிறகு மறுபடியும் "மட்காட், மட்காட்" என்று பின்சக்கரத்தைக் காட்டினார்.

மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் பொலிஸ்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் மெதுவாகச் சுவெட்டரைத் தூக்கி, முடிச்சை அவிழ்த்து, தாளை எடுத்து விரித்தார். கழுத்து முனையிலிருந்து கீழ் முனைவரை மூன்று கோடுகள், இன்னும் ஈரமாக. அதன் பின்னால் சந்தன நிறச் சேலை, ஒரு பொட்டுச் சேறில்லாமல். அவர் தாளைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், மாணிக்கவாசகத்தின் வெள்ளைச் சட்டையைச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு குனிந்து அந்தக் கறுப்பு பிளாஸ்டிக்கை விரலால் தட்டினார்.

"இந்த மட்காட் யாருக்கு?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"எனக்கு" என்றார் மாணிக்கவாசகம். அது முழு உண்மையாக இருந்தது.

சிப்பாய் துப்பாக்கியைத் தாழ்த்தினார். புஷ்பவதியின் அழைப்புக் கடிதத்தை வாங்கிப் படித்த பொலிஸ்காரர் நேரத்தைப் பார்த்தார். எட்டு தாண்டி ஐந்து நிமிடம். டவுனுக்குப் போன ஒரு முச்சக்கரவண்டியை மறித்து அதில் புஷ்பவதியை ஏற்றினார்.

"மாத்தயா ஆறுதலாக வரட்டும்" என்றார் மாணிக்கவாசகத்தைக் காட்டி. "அவருக்குத்தான் மட்காட் இருக்கிறதே."

பத்தரை மணிக்கு நேர்முகப் பரீட்சை முடிந்து புஷ்பவதி வெளியே வந்தபோது, மாணிக்கவாசகம் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன கேட்டாங்க?"

"கை ஏன் நடுங்குதுன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"குளிர்னு சொன்னேன்."

சிறிது தூரம் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். அவளும் பக்கத்தில் நடந்தாள். அவளுடைய பையை மட்டும் வாங்கி அவர் கெரியரில் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் முத்தலிப்பின் கடைக்குப் போனார்கள். புஷ்பவதி தாளை நீட்டினாள். முத்தலிப் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது ஒங்கட முதுகு இல்லையே, சேர்."

"இல்ல."

"அண்டைக்கு நான் ஒண்டு சொல்ல வந்தன்."

"தெரியும்" என்றார் மாணிக்கவாசகம். "அந்தத் தகரத்தப் போடுங்க. ரப்பரோட."

"இருங்க நானா" என்றாள் புஷ்பவதி, முத்தலிப்பிடம். "எக்ஸ்ரே எடுக்காம நான் வாங்க மாட்டேன். ரெண்டு தாள் எடுங்க."

இருவர் முதுகிலும் தாள் கட்டப்பட்டது. எதிர்க்கடைக்காரர்கள் வெளியே வந்து நின்று பார்க்க, கணக்கு வாத்தியார் மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு பள்ளத்தில் மூன்று தரம் ஓட்டினார். நான்காம் தரத்தை அவள் கேட்டு வாங்கினாள். இரண்டு தாளும் சுத்தமாக இருந்தன.

பெப்ரவரி கடைசியில், மழை ஓய்ந்த ஒரு நாள், தபால்காரர் நாகமுத்து விடுதி வாசலில் வந்து மணியடித்தார். கீழ் டிவிஷன் பாடசாலைக்குப் புஷ்பவதியின் நியமனக் கடிதம். அவள் கையெழுத்துப் போட்டு, அங்கேயே நின்று மூன்று முறை படித்தாள். பிறகு பாப்பம்மாவைத் தேடிக் கொழுந்து மலைக்குப் போனாள்.

நாகமுத்து போகவில்லை. சுவரில் சாத்தியிருந்த மலைச் சைக்கிளைத் தன் சைக்கிளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா சேர், நம்ம மட்காட்டு மாதிரியே இருக்கு. தபால் வேலைக்கு மனுப் போட்டிருக்கீங்களா?"

மாணிக்கவாசகம் அவருக்குத் தேநீர் ஊற்றப் போனார்.