நிமியா வண்டியின் ஆயில் விளக்கு

செவ்வாய்க்கிழமை காலை தங்கை நிமியா போன் செய்தாள். “அண்ணே, ஆயில் பிரஷர் வால்வு கெடச்சிருச்சு. இன்னைக்கு நானே மாத்தப் போறேன். நீ வந்து கூடமாட நில்லு, போதும்.”

அவளுடைய பழைய காருக்குத்தான். வரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எப்படி வரும்? அந்த வண்டியை அவள் தலையில் கட்டியவனே நான்தானே.

என்ன செய்தேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மென்று விழுங்குவதில் என்ன இருக்கிறது? எங்கள் பக்கம் ஓடும் பழைய வண்டிகளில் முக்கால்வாசி ஜப்பானில் ஓடித் தேய்ந்து, சிலி துறைமுகம் வழியாகப் பராகுவேக்கு வந்து சேர்ந்தவை. வலப்பக்கம் இருக்கும் ஸ்டியரிங்கைப் பிடுங்கி இடப்பக்கம் மாட்டுவார்கள். அப்போது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒயர்களை எல்லாம் வெட்டி ஒட்டியாக வேண்டும். எது எங்கே போகிறது என்பது ஒட்டினவனுக்கே மறுநாள் மறந்துவிடும். என் வண்டியில், எஞ்சினில் ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் ஆயில் விளக்கு விட்டுவிட்டு எரிய ஆரம்பித்திருந்தது. விற்கிற நேரத்தில் அது எரிந்தால் எவன் வாங்குவான்? அதன் ஒயரை வெட்டி, பேட்டரி விளக்கின் ஒயரோடு முறுக்கி, டேப் சுற்றிவிட்டேன். சாவி போட்டால் இரண்டும் எரியும். எஞ்சின் ஓடினால் இரண்டும் அணையும். பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஊரில் செய்யாததையா செய்துவிட்டேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதலில் பார்க்க வந்த இரண்டு பேருக்கும் பேரம் படியவில்லை. மூன்றாவதாக வந்தவள் என் கூடப்பிறந்தவள். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எட்டு மாதம் ஆகிறது.

நிமியா ஆறு வருஷம் தலைநகர் அசுன்சியோனில் ஒரு பெரிய வீட்டில் தங்கி வேலை பார்த்தவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஊருக்கு வருவாள். எல்லை தாண்டி புவனோஸ் ஐரெஸுக்குப் போன புருஷன் போனவன்தான். மகள் அராசெலி எங்கள் வீட்டில் வளர்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் என் மனைவியை “அம்மா” என்று கூப்பிட்டது நிமியாவின் காதில் விழுந்தது. அந்த வாரமே வேலையை விட்டு, மகளைத் தன்னோடு அழைத்துக்கொண்டாள். வண்டியை வாங்கி, பின்சீட்டில் கூடை கூடையாகச் சிப்பா ரொட்டியை அடுக்கி, கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்கக் கிளம்பினாள். நடக்கிற வேகத்தில், நாள் முழுக்க, அந்த வெயிலில். அப்படி ஊர்ந்துகொண்டே இருக்கும் எஞ்சினுக்கு ஆயில் அழுத்தம்தான் உயிர். அது குறைந்தால் சொல்ல வேண்டிய விளக்கின் வாயைத்தான் நான் கட்டி வைத்திருந்தேன்.

நான் போனபோது முன்சக்கரங்களைக் கட்டைமேல் ஏற்றி நிறுத்தி, கீழே அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தாள்.

“வாங்க மெக்கானிக் தொரை. இப்பத்தான் விடிஞ்சுதா?”

“பட்டறையில விட வேண்டியதுதானே, எதுக்கு உனக்கு இந்தப் பாடு?”

“ஈஸ்டருக்கு முந்தின புனித வாரம் முடிஞ்சு வான்னுட்டான். நாளையிலேர்ந்து ஊரே சிப்பா திங்கிற நாளு. இந்த ரெண்டு நாள விட்டுட்டு, அடுத்த வாரம் போயி நாய்க்கா விக்கிறது? போன்ல வீடியோ பாத்துட்டேன். ஒரு மூடி, ஒரு ஸ்பிரிங், ஒரு குட்டி பிஸ்டன். மாவு பெசையறதவிட சுளுவு.”

“என்ன கோளாறாம்?”

“ரெண்டு மாசமா டொக்கு டொக்குங்குது. விளக்குதான் எரியலையே, பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சு ஓட்டிட்டேன். எதிர்வீட்டு லாரிக்காரர் கேட்டுட்டு, வால்வு சிக்கியிருக்கும்னாரு.”

விளக்குதான் எரியலையே. அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாள். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பழைய ஆயில் அலுமினியப் பாத்திரத்தில் இறங்கியது. கறுப்புக்குள்ளே ஏதோ மினுங்கியது, சேலையில் தைக்கிற ஜிகினாவைப் பொடித்துத் தூவினமாதிரி.

“என்னண்ணே இது, பளபளங்குது?”

ஆயில் அழுத்தமில்லாமல் எஞ்சின் பேரிங் தேய்ந்து வருகிற தூள் அது. இருபது வருஷம் வண்டி ஓட்டினவன் எனக்குத் தெரியாதா? “பழைய ஆயில்னா அப்படித்தான் இருக்கும்” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

மூடியைக் கழற்றினாள். பிஸ்டன் வரவில்லை; கம்பியால் நெம்பி, தட்டி, திட்டி, கடைசியில் பிடுங்கி எடுத்தாள். கசடு அப்பிப் பாதியில் சிக்கியிருந்தது. அதை விரல்நுனியில் பிடித்துக்கொண்டு முகம் முழுக்கச் சிரிப்பாக வெளியே வந்தாள். “இதாண்ணே திருடன். அம்புட்டுட்டான்.”

எனக்கும் ஒரு நப்பாசை வந்தது. உண்மையிலேயே வால்வு மட்டும்தானோ என்னவோ. புதுசு போட்டதும் அழுத்தம் ஏறிவிட்டால் விளக்கு நிஜமாகவே அணைந்துவிடும். நான் செய்ததும் ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். அவள் புது ஸ்பிரிங்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, பியூஸ் பார்க்கிறேன் என்று சொல்லி டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டேன். நான் சுற்றிய டேப் அப்படியே இருந்தது. பிரித்து, ஆயில் விளக்கின் ஒயரை அதன் இடத்திலேயே சேர்த்தேன். டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

புது ஆயில் ஊற்றி, சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. விளக்கு அணைந்தது. நான் விட்ட பெருமூச்சு அவளுக்கே கேட்டிருக்கும்.

“பாத்தியா? நாளைக்கு நூறு சிப்பா கூடப் போடலாம்” என்றாள். சூடாகட்டும் என்று ஓடவிட்டுவிட்டு, கை கழுவப் போனாள். கால் மணி நேரம் இருக்கும். அடியில் டொக்கு டொக்கு என்று மறுபடி ஆரம்பித்தது. விளக்கு ஒருமுறை மினுக்கியது, இரண்டு முறை மினுக்கியது, பிறகு சிவப்பாக நின்று எரிந்தது.

நிமியா ஈரக்கையோடு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். “இத்தன மாசமா ஓடறப்ப ஒரு நாள்கூட எரியல. நான் கைய வச்சதும் எரியுது பாரு.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் டார்ச்சை மறுபடி கையில் எடுத்தேன்.

“ஸ்பிரிங்கத் தலைகீழாப் போட்டுட்டேனோ?” மறுபடி படுத்தாள், கழற்றினாள், திருப்பிப் போட்டாள். விளக்கு எரிந்தது. மூடிக்குக் கீழே இருக்கும் செம்பு வளையம் சரியாக உட்காரவில்லை என்று தோன்றி, அதைத் தேய்த்துத் தட்டையாக்கி மூன்றாவது முறை உள்ளே போனாள். எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. “கொஞ்சம் ஆறட்டும்மா” என்றேன். அதுமட்டும்தான் சொன்னேன். “ஆற நேரமில்லண்ணே, சாயங்காலம் மாவு பெசையணும்” என்றாள். மூடி கழன்றதும் சுடு ஆயில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வழிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூடியைப் போட்டு இறுக்கிவிட்டுத்தான் வெளியே வந்தாள். தோல் சிவந்து பொங்க ஆரம்பித்திருந்தது.

நான்தான் சாவியைத் திருப்பினேன். விளக்கு அணையவே இல்லை.

அவள் அட்டைமேல் உட்கார்ந்து, சுட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். “நல்லா ஓடிட்டிருந்த வண்டிய நானே கெடுத்துட்டேன்ணே. ஒரு வாரம் பொறுத்திருந்தா பட்டறைக்காரன் பாத்திருப்பான். என் அவசரபுத்தி. புள்ளகிட்ட என்னன்னு சொல்லுவேன்?”

அவள் அழுததை என்னால் பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒயரை வெட்டியதை, டேப் சுற்றியதை, காலையில் யாருக்கும் தெரியாமல் சேர்த்ததை, பளபளத்தது பேரிங் தூள்தான் என்பதை. ஆரம்பத்திலேயே விளக்கு எரிந்திருந்தால் இந்தச் சின்ன வால்வோடு போயிருக்கும், இப்போது எஞ்சினே போய்விட்டது என்பதையும் சொன்னேன்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, சுட்ட கையை நீட்டினாள்.

“விக்கும்போது மறச்ச. சரி, என்ன கஷ்டமோ. அதக்கூட விடு” என்றாள். “இன்னைக்கு மூணு தடவ உள்ள போய்ப் படுத்தேனே. நீ டார்ச்சப் புடிச்சிட்டு நின்னுட்டிருந்தியே. அப்ப என்னண்ணே நெனச்சிட்டிருந்த?”

பதில் இருந்தது. தப்பு அவளுடையது என்றே அவள் நம்பிவிடட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“நான் வேற எஞ்சின் போட்டுத் தரேன்மா.”

“எப்ப?”

டார்ச்சை அணைத்துக் கீழே வைத்தேன். அவள் போனை எடுத்தாள். இடதுகையால் நம்பரைத் தேடி, காதில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். அசுன்சியோன் வீட்டு எசமானியிடம் பேசினாள்; குரலே மாறிப்போயிருந்தது.

“அம்மா, நிமியா பேசறேங்க. நல்லாருக்கேங்க. அந்தப் பின்பக்க ரூம் இன்னும் காலியாத்தான் இருக்குங்களா? ஆமாங்க, தங்கித்தாங்க. ஞாயித்துக்கெழம மட்டும் வந்துட்டுப் போறேங்க.”

பேசி முடித்து வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் அராசெலியின் துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

“பள்ளிக்கூடம் விட்டதும் நேரா உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு” என்றாள்.