பன்னிரண்டாவது பிழை

பிழை கண்டுபிடிப்பதில் அத்தானை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. செருப்புக் கம்பெனியில் சரக்கைச் சோதித்து வாங்கும் வேலை அவருக்குக் கிடைத்தது அக்கா செய்த புண்ணியம். பகல் முழுக்க அவள் தப்பித்தாள். இன்று மாட்டிக்கொண்டது கொழுந்தியாள். ரசாயன ஆலை ஒன்றின் உலைப்பிரிவுக்கு அவள் தலைவியான பிறகு அங்கே தயாரான முதல் சரக்கை அவர்தான் சோதிக்க வேண்டும். சரக்கை அவர் திருப்பிவிட்டால் அவளும் பழையபடி மூட்டை தைக்கப் போகலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

சரக்கு என்றால் துத்தநாக ஆக்சைடு, மாவு போல வெள்ளைத் தூள். புண்ணுக்குப் போடும் களிம்பிலும் இருக்கும், பீங்கான் மெருகிலும் இருக்கும். செருப்பின் அடிப்பாகத்து ரப்பர் பக்குவமாக வேகவும் அது வேண்டும். அதனால்தான் அத்தான் வந்திருந்தார்.

ஒரு கிண்ணம் தூளைச் சோதனை உலையில் நன்றாகக் காய்ச்சி, இடுக்கியால் எடுத்து மேசையில் வைத்தார். தூள் எலுமிச்சைப் பழ நிறத்தில் இருந்தது.

"என்னம்மா, கலப்படமா?"

"சூட்டுல அப்படித்தான் இருக்கும் அத்தான். ஆறினா வெளுத்துடும்."

"யாருக்குக் காது குத்துற?"

அறிக்கையில் 'தூள் மஞ்சள், வேண்டாம்' என்று எழுதிவிட்டுப் பையைத் தேடினார். கிண்ணம் ஆறப் பத்து நிமிஷமாவது வேண்டும். இந்த மனிதரோ எதற்கும் நிற்க மாட்டார். சட்டென்று ஒரு தாளை இழுத்து மளமளவென்று சரக்குச் சீட்டு எழுதினாள். வாழ்நாளில் அவ்வளவு கவனமாக அவள் பிழை விட்டதில்லை.

"போறதுக்கு முன்னாடி இதை ஒரு பார்வை பார்த்துடுங்க. பிழை இருந்தாலும் இருக்கும்."

அத்தான் உட்கார்ந்துவிட்டார். சிவப்புப் பேனா வெளியே வந்தது. 'துத்தனாகம்' என்பதைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நிமிர்ந்தபோது கிண்ணத்தில் வெள்ளைத் தூள்.

"யார் மாத்துனது?"

"உங்க முழங்கைப் பக்கத்துலயேதானே இருந்துச்சு."

அவர் நம்பவில்லை. தானே மறுபடி காய்ச்சினார்; மஞ்சள். கண்கொட்டாமல் காவல் இருந்தார். அது அவர் கண்ணெதிரே வெளுத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு சீட்டை நீட்டினார்.

"பதினோரு பிழை."

"பன்னிரண்டு அத்தான். ஒண்ணை விட்டுட்டீங்க."

அவள் விரல் அவருடைய அறிக்கையின் மேல் இருந்தது. அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.